ஒற்றைச் செங்கல் சுவர்

ஏப்ரல் 4

கிழக்கு வீட்டுக்காரருக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே மூவரும் நலம். அங்கே நலமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்டு வைக்கிறேன்.

உன் ரேடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் வீட்டில் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று இத்தனை வருடம் பொறுத்தேன். ஆனால் ஊரடங்கு வந்ததும் கல்லூரி என் வீட்டுக் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பேரரசு எப்படி விழுந்தது என்று பாடம் நடத்துகிறேன். சரியாக அரசன் சாகிற இடத்தில் உன் பக்கத்திலிருந்து காதல் பாட்டு. ஒரு மாணவன், "சார், பேக்ரவுண்ட் மியூசிக் சூப்பர்" என்கிறான். எந்நேரமும் பாடிக்கொண்டே இருந்தால்கூடக் காது பழகிவிடும். உன்னுடையது திடீரென்று அலறுகிறது, சற்று நேரத்தில் அடங்குகிறது, மறுபடி அலறுகிறது. என்னைச் சீண்டுவதற்கென்றே செய்கிறாய். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. ஒவ்வொரு அலறலுக்கும் அவள் தூக்கிவாரிப்போட்டு எழுகிறாள்.

இதை உன் கதவிடுக்கிலேயே செருகலாம். இரண்டு வீட்டுக்கும் கேட் ஒன்று, மாடிப்படி ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஆனாலும் தெருமுனைத் தபால்பெட்டியில்தான் போடுவேன். ஊரைச் சுற்றி, முத்திரை வாங்கிக்கொண்டு வரட்டும். கதவிடுக்கில் செருகினால் உன்னோடு பேசியதாகிவிடும். அந்த உறவு அம்மாவை எடுத்த அன்றே முடிந்தது. வெளியூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் செய்தி கேட்டு பஸ் மாறி பஸ் மாறி ஓடி வருகிறேன். மூத்த மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று காத்திருக்க உனக்கு மனம் வரவில்லை. வெறும் கட்டிலைத்தான் பார்த்தேன். அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டின் நடுவே சுவர் எழுப்பினேன். செலவைப் பார்த்து ஒற்றைச் செங்கலாக வைத்தது மட்டும் என் மடத்தனம்.

ரேடியோவை நிறுத்து. மொட்டைக் கடிதம் போடுகிற ஆள் நானில்லை. எழுதியதற்கெல்லாம் கீழே கையெழுத்துப் போட்டே பழக்கம்.

இப்படிக்கு,
மேற்கு வீட்டுக்காரன்


ஏப்ரல் 8

மாட்சிமை பொருந்திய மேற்கு வீட்டாருக்கு,

கும்பிடு. உங்கள் கடுதாசி ஊரெல்லாம் பார்த்துவிட்டு சுகமாக வந்து சேர்ந்தது. நம் வீட்டில் வெளியே போய்வர அனுமதி இருப்பது அதற்கு மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கிறோம்.

ரேடியோவை நிறுத்த முடியாது. கல்யாணம் இல்லை, கூட்டம் இல்லை, கடைத் திறப்பு இல்லை. ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் கூடத்தில் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கிறது. வேலை கொடுக்காமல் வைத்தால் எலி வாடகைக்கு வந்துவிடும். நீ படித்து வளர்ந்தவன், நான் கேட்டு வளர்ந்தவன். பிடிக்காவிட்டால் என் பக்கத்து ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திக்கொள். உன் மகளை, என் குருவியை, சுவர்ப் பக்க அறையில் படுக்க வைக்காதே. தெருப்பக்க அறையைக் கொடு. காற்று வரும், பாட்டு வராது.

மாடிக் கதவைப் பூட்டிவிட்டாயாம். துணி காயப்போடும்போது இரண்டு பெண்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்வது உனக்குப் பொறுக்காது. சாவியை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடி. தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பொதுத் தொட்டியும் எனக்கு வேண்டாம். என் பக்கத்துக் குழாயை அடைத்துவிட்டேன். பின்னால் கைப்பம்பு இருக்கிறது, அடித்துக்கொள்கிறோம். கேட்டையும் நீயே கட்டிக்கொண்டு அழு. நாங்கள் சந்து வழியாகப் போய்வருகிறோம். நீ தொட்ட தாழ்ப்பாளைத் தொட்டால் எனக்கும் சரித்திரம் ஒட்டிக்கொள்ளும்.

குருவி மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாளா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இங்ஙனம்,
கிழக்கு வீட்டுக்காரன்


ஏப்ரல் 12

கிழக்கு வீட்டுக்காரருக்கு,

உயிரோடு இருக்கிறோம். இந்த நாட்களில் அதற்கு மேல் எழுதினால் ஆணவம்.

தொட்டியையும் கேட்டையும் எனக்குத் தானம் செய்திருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? நாளைக்கு நாலு பேர் நடுவில், 'அண்ணன் தண்ணீரை நிறுத்தினான், பின்வாசலில் துரத்தினான்' என்று சொல்ல இப்போதே அடிப்போடுகிறாய்.

மகள் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. என்மேல் உனக்கு ஆயிரம் இருக்கலாம், அவள் என்ன செய்தாள்? உன் தோளில் ஏறி, குழாய் ஒலிபெருக்கிக்குள் தலையை விட்டுக் கூவி வளர்ந்தவள். நேற்று போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "சித்தப்பாவுக்கும் என்னைப் பிடிக்காம போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். உன் குணம் அவளுக்கும் தெரியட்டும் என்று உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது.

எதிர்வரிசைத் தையல்காரர் வீட்டில் தொற்று என்று வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே ஜன்னல்களில் நின்றது, நானும்தான். அவர் மனைவி கையில் ஒரு துணிப்பையோடு தானாகவே நடந்து ஏறினாள். அவளும் திரும்பவில்லை, பையும் திரும்பவில்லை. தகரத்துக்குப் பின்னாலிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் வருகிறது. இந்த ஊரடங்கில் அந்த மனிதர் யாருக்குத் தைக்கிறார் என்று தெரியவில்லை. அந்த வீட்டு மருமகளுக்கு வலி வந்தபோது, தகரம் அடித்த வீடா என்று கேட்டே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி நம் மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த நேரத்தில் உனக்குக் கச்சேரி. இனியும் பாட்டுக் கேட்டால் காவல் நிலையத்துக்கு எழுதுவேன், கையெழுத்துப் போட்டே.

மேற்கு வீட்டுக்காரன்


ஏப்ரல் 15

அண்ணனுக்கு,

போலீசுக்கு எழுதாதே. நம் வாசலுக்கு எந்த ஆளும் வரக் கூடாது. ரேடியோவை நிறுத்திவிட்டேன்.

என் போன் கெட்டுவிட்டது என்று குருவியிடம் சொல். இந்தக் கடிதத்தை நீயே பிரி, நீயே எரி. அவள் கையில் கொடுக்காதே.

மற்றபடி நலம்தான்.

தம்பி


ஏப்ரல் 17

கிழக்கு வீட்டுக்கு,

நலமா என்று இம்முறை உண்மையாகவே கேட்கிறேன்.

ரேடியோ நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அப்போது கேட்டது. யாரோ தரையில் சாக்கை இழுக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அது இருமலானது. பிறகு வாயில் துணியை வைத்து அமுக்கிய இருமலானது. அது அடங்கியதும் மூச்சைத் தேடித் தேடி இழுக்கும் சத்தம், செங்கல் இல்லாதது போல, என் காதுக்குள்ளேயே வந்தது.

திடீரென்று அலறி அடங்கிய பாட்டெல்லாம் இருமலுக்குப் போர்த்திய போர்வை. அதை உருவி எறிந்தவன் நான்.

அடுத்து நான் செய்தது அழகான காரியமில்லை. கேட் தாழ்ப்பாளை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சுவரில் பழைய குழாய் போன துளையில் துணியைத் திணித்தேன். மகளைத் தெருப்பக்க அறைக்கு மாற்றினேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு நடுங்கினேன். உனக்காக நடுங்கினேனா அவளுக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்டிருக்கிறாள், அவளும் என்னிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது இருவரும் தேவையில்லாமல் பாத்திரங்களை உருட்டுகிறோம். மகள், "ஏன் ரெண்டு பேரும் சண்டை போடுற மாதிரி சாப்பிடுறீங்க?" என்கிறாள்.

இன்று காலை கேட்டுக்குள் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. பெரிய பெரிய எழுத்தில், "உங்க காம்பவுண்டுல இருமல் கேக்குது. நீங்களே சொல்றீங்களா, நாங்க சொல்லட்டுமா?" என்று எழுதியிருக்கிறது. தெருவில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். பால் வாங்கப் போனபோது ஒவ்வொரு முகமூடிக்கு மேலும் இருந்த கண்களைப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் எழுதியது போலத்தான் இருந்தது.

இருமுவது நீயா, உன் மனைவியா? காய்ச்சல் இருக்கிறதா?

ரேடியோவைப் போடு. சத்தமாகப் போடு.

மேற்கு வீட்டுக்காரன்


ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

சௌக்கியம் என்று எழுதினால் சிரிப்பாய். அண்ணி சௌக்கியமா? குருவி சௌக்கியமா?

மொட்டைக் கடிதம் உன் கைவரிசையோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் உனக்குச் சோறு இறங்காதே என்று விட்டுவிட்டேன்.

இருமுவது நான்தான். ஆரம்பத்தில் அது வெறும் பெட்டித் தூசி. தும்மினாலே ஊர் திரும்பிப் பார்க்கிற காலம் என்பதால் பாட்டுப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டியையும் விட்டேன். இப்போது தூசி இல்லை என்று தெரிகிறது. காய்ச்சல் வருகிறது, போகிறது. சோப்பை மூக்கில் வைத்தாலும் வாசனை இல்லை. இவளுக்கு ஒன்றுமில்லை. கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறாள். தினமும் காலையில் படுக்கையிலேயே மைக் டெஸ்ட் பண்ணுகிறேன். ஒன், டூ, த்ரீ என்று ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போகிறேன் என்று பார்ப்பது. கல்யாணங்களில் முப்பதைத் தாண்டுவேன். இன்று ஒன்பதில் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று நீ எழுதவில்லை. கவனித்தேன். குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதாமல் இருந்திருப்பேன். நம் கேட்டில் தகரம் அடித்தால் குருவியை எவன் சேர்த்துக்கொள்வான்? அவளுக்குப் பிறக்கட்டும். குழந்தை வீட்டுக்கு வந்து, அது அழுவது சுவர் வழியாகக் கேட்டதும், நானே சட்டையை மாட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறுகிறேன். அதுவரை நீ ஒன்றும் செய்யாதே. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

தம்பி


ஏப்ரல் 23

மாமாவுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தபாலில் போட நேரமில்லை. போன் செய்தால் குருவி எடுத்துவிடுவாள். அதனால் துளையில் நீங்கள் அடைத்த துணியைக் கரண்டிக் காம்பால் தள்ளிவிட்டு, இதைச் சுருட்டி வைக்கிறேன்.

அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. சாய்ந்து படுக்க முடியவில்லை. இன்று மைக் டெஸ்ட் மூன்றோடு நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்து, "லைன் வீக்கா இருக்கு" என்றார். ஆஸ்பத்திரி என்று சொன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். அவரை மீறி நான் ஏதாவது செய்து, அதனால் குருவிக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் அவர் முகத்தில் விழிக்க முடியாது. நீங்கள் மூத்தவர். நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அத்தை இறந்த அன்று நல்ல வெயில். முதல் நாளிலிருந்தே கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. மதியத்துக்குள் அத்தையின் முகம் அத்தையின் முகமாக இல்லை. நீங்கள் வரட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணன் இதப் பாக்க வேணாம். அவன் ஊருக்குக் கெளம்பறப்ப அம்மா வாசல்ல நின்னு கையாட்டுனாங்க. அந்த மூஞ்சியே அவங்கிட்ட இருக்கட்டும்" என்றார். காரணத்தைச் சொன்னால் அந்த முகமும் உங்களிடமிருந்து போய்விடும் என்று இத்தனை வருடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்துவிட்டார்.

நான் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள் மாமா. வேறு எதைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 23, உடனே

அம்மா,

படித்தேன். துளைக்குப் பக்கத்திலேயே நில்.

மகளை மருமகனின் அக்கா வீட்டுக்கு அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியை ஒட்டிய தெரு அது. உன் அக்காவும் கூடவே போகிறாள். கார் வருகிறது. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் ஜன்னலில் நிற்காதே. கார் தெருமுனை திரும்பியதும் நானே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வேன், என் பெயரையும் விலாசத்தையும் சொல்லி. அதுவரை அவனை நிமிர்த்தி உட்கார வை.

அவன் கேட்டால் அண்ணன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல். நம்புவான்.

மாமா


மே 5

மாமாவுக்கு,

நான் நலம். தகரத்துக்குள் தனியாக இருக்கிறீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நோயாளிகளோடு இருந்த எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். என் கட்டில் கரும்பலகைக்குக் கீழே. யாரோ பாதியில் விட்டுப்போன கூட்டல் இன்னும் அதில் இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் இல்லை. அவரைப் பார்க்க விடவில்லை, அவரைப் போன் வைத்துக்கொள்ளவும் விடவில்லை. அவருடைய வார்டில் இருக்கும் நர்ஸ் ஒருவர் மட்டும் தினமும் என்னிடம் போனில் பேசுகிறார். இப்போது முகமூடி வழியாகக் காற்றுக் கொடுக்கிறார்கள். அது போதவில்லை, தொண்டைக்குள் குழாய் போட வேண்டியிருக்கும் என்று நேற்று சொன்னார். இன்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லதா கெட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவரால் பேச முடியாது, ஆனால் கேட்கிறாராம். கடிதம் வந்தால் படித்துக் காட்டுவேன் என்று நர்ஸ் சொன்னார். ஒன்று எழுதுங்கள் மாமா. சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி மனைவி


மே 9

தம்பிக்கு,

இதை ஒரு நர்ஸ் அம்மா உனக்குப் படித்துக் காட்டுவார். நீ நலமா என்று இதில் கேட்கப் போவதில்லை. பதில் வரும்வரை என்னால் இருக்க முடியாது.

குருவிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது அழுததைப் போனில் கேட்டேன். உன் ஸ்பீக்கர் பெட்டி எதுவும் அதற்குத் தேவைப்படாது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

உன்னை ஏற்றிய அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. உடம்பெல்லாம் வெள்ளை உடுத்தியவர்கள் இருவர் உன்னைச் சந்து வழியாகக் கொண்டுவந்தார்கள். தெரு வழக்கம்போல ஜன்னல்களில் நின்றது. நான் கேட்டில் நின்றேன். நீ நின்று, "எவன் சொன்னான்?" என்றாய்.

"நான்தான்டா" என்றேன். சுவர் எழுப்பிய பிறகு உன்னிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

நீ கையைத் தூக்கினாய். அடிக்கப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். "குருவி?" என்றாய்.

"கெளம்பிப் போயிட்டா."

தூக்கிய கையால் கேட் தாழ்ப்பாளைப் பிடித்து நின்றாய். "அப்பச் சரி" என்று ஏறிக்கொண்டாய். அந்தத் தாழ்ப்பாளை நான் இன்னும் கழுவவில்லை.

தகரத்தை நேற்றுதான் எடுத்தார்கள். அதற்குள் இருந்தபோது தினமும் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உன் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. சுவரில் காதை வைத்தால் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. துளை வழியாகப் பார்த்தால் பெட்டிகளின் கறுப்பு முதுகு மட்டும் தெரிந்தது. தையல்காரரின் மிஷினும் நின்றுவிட்டது. ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்கிறேன். போன் அடித்தால் எடுக்காமல் நிற்கிறேன்.

அம்மா விஷயத்தை உன் மனைவி சொன்னாள். அவளைத் திட்டாதே. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். எப்படி இருந்தாலும் நான் பார்த்திருப்பேன். என்னைக் கேட்காமல் எனக்காக நீ முடிவு செய்தாய். உன்னைக் கேட்காமல் உனக்காக நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எது சரி, எது தப்பு என்று நாம் இருவரும் உட்கார்ந்து தொண்டை கிழியச் சண்டை போட வேண்டும். நான் சொல்வதற்கு நிறைய சேர்ந்திருக்கிறது. பாதியிலே எழுந்து போகிற வேலை வேண்டாம்.

அன்று எனக்காக நீ காத்திருக்கவில்லை. இந்த முறை காத்திரு. உள்ளே விடுகிற முதல் நாள் முதல் ஆளாக வந்து நிற்பேன். அதுவரை ஒன், டூ, த்ரீ என்று எண்ணிக்கொண்டிரு. எத்தனையில் நின்றாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கு.

'இப்படிக்கு' வரை எழுதிவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேற்கு வீட்டுக்காரன் என்று போடக் கை வரவில்லை. அண்ணன் என்று போட்டால் வழியனுப்பி வைப்பது போல இருக்கிறது. எதைப் போட்டாலும் கடிதம் முடிந்துபோகும். முடித்துவிட எனக்குப் பயமாக இருக்கிறது. நர்ஸ் அம்மா தாளைத் திருப்பிப் பார்த்து மீதி எங்கே என்று தேடட்டும். நீயும் தேடு. எழுதியதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டே பழகியவன், இதை இப்படியே மடித்து, தெருமுனைப் பெட்டியில் போடப் போகிறேன்.

இப்படிக்கு,